புதுப்பிப்பு: பெரிய வாய்க்கால் கொலைக்குக் காரணம் கிடைத்தது

புதுச்சேரிப் பின்னணியில் நான் எழுதிவரும் துப்பறியும் கதையில், 1954 அக்டோபர் 18 கீழூர் வாக்கெடுப்புக்கு (பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விலகி இந்தியாவுடன் இணைவதா என்று மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தது) முந்தைய இரவில், நகரைப் பிரெஞ்சுப் பகுதி, தமிழ்ப் பகுதி என்று பிரிக்கும் பெரிய வாய்க்கால் ஓரம் இறந்துகிடக்கும் நகராட்சிக் குமாஸ்தாவை எதற்காகக் கொன்றிருப்பார்கள் என்று முன்பு கேட்டிருந்தேன். வாக்கெடுப்பைக் குலைக்கத்தான் என்றே பலரும் எழுதியிருந்தீர்கள். ஆனால் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடனான இணைப்பை ஆதரித்து, 8 பேர் மட்டுமே எதிர்த்த வாக்கெடுப்பு அது. ஒரு பிணத்தால் அதை அசைத்திருக்க முடியாது.

அவ்வாண்டு மார்ச்சிலேயே, அதுவரை பிரெஞ்சு ஆட்சியை ஆதரித்த அரசியல் தலைவர் குபேர் உள்ளிட்ட ஆளுங்கட்சியினர் இணைப்பின் பக்கம் வந்துவிட்டார்கள். என் கொலையாளி அதற்கும் பிந்தி, கடைசி நேரத்தில் கதர் உடுத்திக்கொண்ட ஒரு கற்பனைப் பிரமுகர். இணைப்புக் கோரியவர்களை அடிக்க அவர் அடியாட்களுக்குக் கொடுத்த பணத்தின் கணக்கு நோட்டு குமாஸ்தாவிடம் இருக்கிறது, நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறுவதற்குள் அது அழிந்தாக வேண்டும்.

துப்பு மழையில் இருக்கிறது. ஐப்பசி மழையில் கரை முழுவதும் சேறாகிக் கிடக்க, இறந்தவரின் செருப்பின் அடியில் சேறே இல்லை. குதிகால் பக்கத்தில் மட்டும் சுவரில் உரசிய சுண்ணாம்புத் தீற்று. வாய்க்காலுக்குக் கிழக்கே, புதிதாக வெள்ளையடித்த ஏதோ ஒரு வீட்டில் கொன்று தூக்கிவந்திருக்கிறார்கள் என்பது ஓய்வுபெற்ற சொல்தாவுக்கு (பிரெஞ்சுப் படையில் இருந்த சிப்பாய், அவர்தான் துப்பறிபவர்) அங்கேயே புரிந்துவிடுகிறது. பிரெஞ்சுப் போலீசார் மூட்டை கட்டிக்கொண்டிருக்க, அவருக்கு மிஞ்சியிருப்பது இரண்டே வாரம். கைது வேண்டும் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும்: பிரமுகர் கடைசி அத்தியாயத்தில் மாலையோடு மேடையில்தான் நிற்கிறார், நோட்டு சொல்தாவின் பையில் இருக்கிறது.