அம்மாவோட பிளட் டெஸ்ட்: ஆப்ல "அப்நார்மல்", ரிசப்ஷன்ல "அவசரம் இல்லை". எதை நம்புறது?

கோடைமழை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க இங்கிலாந்துல இருக்கோம். அம்மாவுக்கு 62 வயசு, எங்களோடவே வந்து தங்கிட்டாங்க. கொஞ்ச நாளா எப்பவும் அசதி, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. ஜிபி சர்ஜரில (இங்க குடும்ப டாக்டர் கிளினிக்கை அப்படித்தான் சொல்லுவாங்க) ரத்தம் எடுத்தாங்க. என்ஹெச்எஸ் (இங்கத்த அரசு மருத்துவ சேவை) ஆப்ல ரிசல்ட் வந்திருக்கு, பாதிக்கு மேல "அப்நார்மல்"னு போட்டிருக்கு.

ஹெச்பிஏ1சி (கடைசி ரெண்டு மூணு மாச சராசரி சுகர்) 44
கிரியேட்டினின் 77, இஜிஎஃப்ஆர் 71 (ரெண்டும் கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்க)
ஹீமோகுளோபின் 112
ஃபெரிட்டின் 9
பொட்டாசியம்: நம்பரே இல்லை. "ஹீமோலைஸ்டு, ரிப்பீட்"னு மட்டும் இருக்கு.

ஊர்ல எடுத்த பழைய ரிப்போர்ட்டைப் பக்கத்துல வச்சுப் பார்த்தா தலை சுத்துது. அதுல ஹெச்பிஏ1சி 6.1, கிரியேட்டினின் 0.8, ஹீமோகுளோபின் 12.4. கிரியேட்டினின் 0.8லேர்ந்து 77ன்னா என்ன அர்த்தம்? கிட்னி போயிடுச்சுன்னு அம்மா சாப்பிடாம உக்காந்திருக்காங்க. சர்ஜரிக்குப் போன் பண்ணினா, "டாக்டர் பார்த்துட்டாங்க, ரொட்டீன் போன் கால்"னு சொல்லி ரெண்டு வாரம் கழிச்சுத் தேதி குடுத்தாங்க. சுகருக்கும் கிட்னிக்கும் இப்பவே என்ன பண்ணணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

லேப்வாசி எழுதியது:

முதல்ல அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்க. கிரியேட்டினின் ஏறவே இல்லைன்னு சொல்லலாம். ரெண்டு நாட்டு லேபும் வேற வேற அளவுல எழுதுறாங்க. இங்கே மைக்ரோமோல்/லிட்டர், அங்கே மில்லிகிராம்/டெசிலிட்டர். 77ஐ 88.4ஆல வகுத்தா 0.87 வரும். பழசு 0.8, இப்போ 0.87, அவ்வளவுதான்.

ஹெச்பிஏ1சி 44ங்கிறது உங்க ஊர்க் கணக்குல 6.2 சதவீதம். ஹீமோகுளோபின் 112ன்னா 11.2. இது மட்டும் நிஜமாவே இறங்கியிருக்கு.

பொட்டாசியத்துக்கு நம்பர் வராததுக்குக் காரணம் சாம்பிள். ரத்தம் எடுக்கும்போதோ வண்டியில லேபுக்கு வரும்போதோ சிவப்பணு உடைஞ்சா, உள்ளே இருக்குற பொட்டாசியம் வெளியே கொட்டிடும், "ஹீமோலைஸ்டு"ன்னா அதுதான். அப்போ அளந்தா பொய்யா அதிகமாக் காட்டும். அதனால நாங்களே நம்பர் போட மாட்டோம். திரும்ப ரத்தம் கேட்டா நோய்னு அர்த்தம் இல்லை. ஆனா போய்க் குடுத்துடுங்க, விட்டுடாதீங்க.

"அப்நார்மல்" குறியை கம்ப்யூட்டர்தான் போடுது. நார்மல் ரேஞ்சுங்கிறதே ஆரோக்கியமானவங்கள்ல 95 சதவீதம் பேர் விழுற இடம். 20 டெஸ்ட் எடுத்தா நல்லா இருக்குறவங்களுக்குக்கூட ஒண்ணு ரெண்டு வெளியே போகலாம்.

ரெண்டாம்மாடி எழுதியது:

44ன்னா சுகர் ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். சோத்தைக் குறைங்க. இரும்புச்சத்துக்குக் கடைலயே மாத்திரை கிடைக்குது, வாங்கிக் குடுங்க. இதுக்குப் போய் டாக்டருக்காகக் காத்திருக்கணுமா?

வடலி எழுதியது:

தங்கச்சி, நான் கனகாலம் சர்ஜரியில நேர்சா வேலை செய்தனான். லேப்வாசி தம்பி அளவுகளை வடிவாச் சொல்லிப்போட்டார். ரெண்டாம்மாடி சொல்றதோட எனக்கு உடன்பாடு இல்லை.

நீங்கள் கிட்னியையும் சுகரையும் பார்த்துப் பயப்பிடுறியள். நான் பார்க்கிறது ஃபெரிட்டின் 9ஐ. உடம்பில சேமிப்பில இருக்கிற இரும்பின்ர அளவு அது, 9 எண்டால் கையிருப்பு முடிஞ்சுது. ஹீமோகுளோபினும் குறைஞ்சிருக்கு. களைப்புக்கும் மூச்சு வாங்குறதுக்கும் இது காரணமா இருக்கலாம். மாதவிடாய் நிண்ட வயசில ஒரு பொம்பிளைக்கு இரும்பு எங்கால போகுது எண்டு கண்டுபிடிக்க வேணும். வயித்துக்குள்ள, குடலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியலாம், சாப்பாட்டில இருந்து இரும்பு உறிஞ்சுப்படாமலும் இருக்கலாம். கடையில மாத்திரை வாங்கிக் குடுத்து நம்பரை மட்டும் ஏத்தினால் காரணம் உள்ளுக்கு மறைஞ்சு கிடக்கும்.

இஜிஎஃப்ஆர் 71 எண்டால்: 60க்கு மேல இருந்து, சலத்தில புரதமும் போகாட்டில் அதைக் கிட்னி வருத்தம் எண்டு சொல்றேல்லை. 60க்குக் கீழ போய் 3 மாசம் அப்பிடியே நிண்டால்தான் அந்தப் பேர் வரும். சில லேப்புகள் 90க்குக் கீழ எண்டாலே குறி போடும். அடுத்த முறை ரத்தம் குடுக்க முன்னம் 12 மணித்தியாலம் இறைச்சி சாப்பிட வேண்டாம், அது கிரியேட்டினினைக் கூட்டிக் காட்டும்.

ஹெச்பிஏ1சி இங்க 42 தொடக்கம் 47 வரை எல்லைக்கோடு. 48உம் மேலயும்தான் நீரிழிவு. நோய்க்குறி இல்லாட்டில் அதையும் ரெண்டாம் முறை எடுத்துத்தான் உறுதிப்படுத்துவினம். இரும்புக் குறைபாடு இருந்தால் இந்த நம்பர் கொஞ்சம் கூடிக் காட்டும். அதால 44ஐ இப்ப வைச்சு முடிவெடுக்க ஏலாது.

ஒரு கேள்வி. அம்மா வேற என்ன மருந்து எடுக்கிறா? ஊரில இருந்து கொண்டந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கோ.

கோடைமழை எழுதியது:

அக்கா, ரொம்ப நன்றி. அளவு வேற வேறன்னு காட்டினதும் அம்மா முகமே மாறிடுச்சு. பிரஷர் மாத்திரை ஜிபி குடுத்தது. முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக், ஊர்லேர்ந்து கொண்டு வந்தது, தினமும் போடுறாங்க. வலி மாத்திரைதானேன்னு ஜிபிகிட்ட யாரும் சொல்லலை. இதுக்கும் ஃபெரிட்டினுக்கும் சம்பந்தம் இருக்கா?

வடலி எழுதியது:

இருக்கலாம். அந்த வகை மாத்திரை வயித்துச் சுவரைப் புண்ணாக்கி ரத்தம் கசிய விடும், கிட்னிக்கும் பிரஷருக்கும்கூட நல்லதில்லை. உங்கட ஜிபியின்ர கம்பியூட்டரில அது இல்லை. டொக்டர் ரிசல்ட்டைப் பார்த்து "ரொட்டீன்" எண்டு போடேக்கை இது தெரியாமல்தான் போட்டிருப்பார். ரெண்டு கிழமை காத்திருக்க வேண்டாம்.

நாளைக்குக் காலமை சர்ஜரியின்ர ஒன்லைன் ஃபோர்மில எழுதுங்கோ. "ஃபெரிட்டின் 9, ஹீமோகுளோபின் 112, படி ஏற மூச்சு வாங்குது, தினமும் டைக்ளோஃபெனாக் எடுக்கிறா, அதை நிப்பாட்டவா, காரணம் தேட என்ன டெஸ்ட்" எண்டு இவ்வளவும் ஒரே இடத்தில இருக்க வேணும். போனில எண்டால் ரிசப்ஷனிட்ட "ரிசல்ட் நோர்மலோ" எண்டு கேக்காதேங்கோ. அவை டொக்டர் எழுதின குறிப்பைத்தான் வாசிக்கலாம், விளக்கம் சொல்ல ஏலாது. குறிப்பை எழுதினபடியே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கோ, பேந்து இந்தப் புது விசயங்களைச் சொல்லி இண்டைக்கே டொக்டருக்குக் குடுக்கச் சொல்லுங்கோ.

அம்மாவுக்காக நீங்கள் கதைக்கிறதுக்கு அவவின்ர சம்மதம் பதிவில இருக்க வேணும். அம்மா நேரில கதைக்க விரும்பினால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ, காசில்லை.

மலம் தார் மாதிரி கறுப்பாப் போனால், தலைச்சுத்து, நெஞ்சு நோ வந்தால் அப்பொயின்ட்மென்டைப் பார்க்க வேண்டாம். 111 (என்ஹெச்எஸ் உதவி எண்), கடுமையெண்டால் 999 (அம்புலன்ஸ்).

கோடைமழை எழுதியது:

அப்டேட். ஃபோர்ம் போட்ட அன்னிக்கே டாக்டர் கூப்பிட்டாங்க. டைக்ளோஃபெனாக்கை நிறுத்தச் சொல்லிட்டாங்க, முட்டிக்கு வேற வழி பேசலாம்னு சொன்னாங்க. வீட்லயே மல சாம்பிள் எடுக்குற ஃபிட் கிட் குடுத்திருக்காங்க, அதுல ரத்தம் இருக்கான்னு பார்ப்பாங்களாம். கோதுமை ஒத்துக்காத சீலியாக் இருக்கான்னு பார்க்க ஒரு ரத்த டெஸ்ட், பொட்டாசியம் அதோட சேர்த்து. இரும்பு மாத்திரை தினம் ஒண்ணு. சில வாரத்துல ஹீமோகுளோபின் ஏறுதான்னு பார்த்துட்டு, ஹெச்பிஏ1சியை இரும்பு சரியான பிறகு திரும்ப எடுக்குறாங்க.

ஒரு சந்தேகம்: இரும்பு மாத்திரை போட்டா மலம் கறுப்பாப் போகும்னு பார்மசில சொன்னாங்க. ஃபிட் டெஸ்ட் தப்பாக் காட்டாதா?

லேப்வாசி எழுதியது:

காட்டாது. ஃபிட் மனுஷ ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபினை மட்டும்தான் பிடிக்கும், மாத்திரையில இருக்குற இரும்பை இல்லை. கிட்ல தேதி எழுத மறக்காதீங்க, தேதி இல்லாத சாம்பிளை லேப்ல திருப்பி அனுப்பிடுவாங்க. சீலியாக் டெஸ்ட் முடியுற வரைக்கும் அம்மா கோதுமையை நிறுத்தக் கூடாது, நிறுத்தினா சீலியாக் இல்லைன்னு ரிசல்ட் பொய்யா வந்துடலாம்.

வடலி எழுதியது:

மாத்திரையைத் தேத்தண்ணியோட குடுக்காதேங்கோ, இரும்பு உறிஞ்சுப்படாது. தோடம்பழச் சாறு நல்லது. கறுப்பு நிறம் மாத்திரையால வரும், அதுக்குப் பயமில்லை. ஒட்டுற மாதிரி, கெட்ட மணத்தோட போனால் அது வேற, 111க்கு அடியுங்கோ. ஃபிட் ரிசல்ட் ஆப்பில வந்தவுடன அதையும் இங்க போடுங்கோ தங்கச்சி.