அப்பாரு விட்டுப்போன நாட்டுத் துப்பாக்கி: என்ன செய்யலாம்?

எல்லாருக்கும் வணக்கமுங்க. அந்தியூர்ப் பக்கம், பர்கூர் மலை அடிவாரத்தில் எங்கள் தோட்டம். போன வாரம் பழைய சாளையை (தோட்டத்து வீட்டை) சுத்தம் செய்தபோது, அட்டாலியில் (பரணில்) சாக்கில் சுற்றிய ஒரு நாட்டுத் துப்பாக்கி கிடைத்தது. காலஞ்சென்ற அப்பாருவுடையது (அப்பாவின் அப்பா). வாய்வழியாகக் கருமருந்து கொட்டி, தேங்காய் நார் வைத்து இடித்து, மேலே ரவை போடுவார்களே, அந்த ரகம்.

1972-இல் வனவிலங்குச் சட்டம் வருவதற்கு முன்னால் இதில்தான் மான் வேட்டைக்குப் போனாராம். "முதல் வெடி தப்புனா அவ்வளவுதான், மறுபடி மருந்து இடிக்கறதுக்குள்ள மான் மலையேறிரும்" என்பார். மழை நாளில் மருந்து நமுத்து வெடிக்காமல் போன கதைதான் அதிகம்!

இப்போது சிக்கல் இதுதான். இடிகம்பியைக் குழலுக்குள் விட்டு, வாயோரம் சாக்பீஸால் கோடு போட்டு எடுத்தேன். வெளியே வைத்து அளந்தால், கேப்பு (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன வெடிமூடி) மாட்டும் இடத்துக்கு நாலு விரக்கடை முன்னாலேயே கம்பி நின்றிருக்கிறது. துரு அடைத்ததா, மருந்து இன்னும் உள்ளேயே இருக்கிறதா? அதற்கப்புறம் தொடவே இல்லை, சாளையைப் பூட்டிவிட்டேன்.

லைசென்ஸ் புத்தகம் கரையான் அரித்துப் பாதிதான் இருக்கிறது. இதுபோல் ஸ்டேஷனில் ஒப்படைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கையில் எடுத்துப் போவதா, போலீஸையே தோட்டத்துக்கு வரச் சொல்வதா? சுட முடியாதபடி செய்து நினைவுக்காக வைத்துக்கொள்ள ஆட்சியர் அலுவலகத்தில் வழி உண்டா? குழாயை அறுத்துப் பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறார் மாமா, அந்த யோசனை மட்டும் வேண்டாமுங்க.