புதுப்பிப்பு: முக்கோணங்கள் வழிக்கு வந்துவிட்டன

குவில்ட்டுக்காக (துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வை) இரண்டு துணி முக்கோணங்களை இணைத்துத் தைத்த சதுரங்கள் ஒன்றுகூட 3½ அங்குலத்தில் அமையவில்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேன். காரணம் பிடிபட்டது.

முக்கோணமாக முதலிலேயே வெட்டியதுதான் தவறு. குறுக்காக வெட்டிய விளிம்பு கை பட்டாலே இழுபடும். இப்போது 4 அங்குலச் சதுரங்கள் இரண்டை நல்ல பக்கங்கள் உள்ளே இருக்கும்படி வைத்து, மூலைக்கு மூலை பென்சில் கோடு போட்டு, அதன் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்த பிறகே கோட்டில் வெட்டுகிறேன். ஒரே தடவையில் இரண்டு துண்டுகள். 3⅞ அங்குலம் போதும் என்பது கணக்கு. என் கைக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. சற்றுப் பெரிதாகத் தைத்து, ஸ்கேலின் 45 பாகைக் கோட்டைத் தையலின்மேல் படியவைத்துச் சுற்றிலும் செதுக்கிவிடுகிறேன்.

இஸ்திரிப் பெட்டியும் குற்றவாளிதான். சட்டைக்குத் தேய்ப்பதுபோல் இழுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வைத்து அழுத்தி எடுத்தால் போதும். வெட்டுமுன் துணிக்குக் கஞ்சி போட்டதும் நன்றாகவே உதவியது.

நேற்று தைத்த 16 துண்டுகளில் 14 கச்சிதம். மீதி இரண்டு? அடிநூல் தீர்ந்தது தெரியாமல் ஓட்டியிருக்கிறேன்.