தூரத்திலிருந்து பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவர்கள் வாங்க, பேசலாம்

என் அனுபவத்தை முதலில் சொல்கிறேன். நான் இருப்பது பெங்களூரில், அக்கா குடும்பம் சாத்தூர் பக்கம். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள் இல்லையா, அந்த வருடம் அக்கா பையன் மூன்றாம் வகுப்பு. அக்காவும் மாமாவும் வேலைக்குப் போய்விடுவார்கள். பகலில் வீட்டில் அவனும் எங்கள் அம்மாவும்தான்.

கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடும், உட்கார்ந்து பார்ப்பான். புத்தகத்தில் இருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வீடியோ வரும், அதையும் பார்ப்பான். "புரிஞ்சிருச்சு சித்தி" என்பான். நோட்டில் போடச் சொன்னால் கை நின்றுவிடும். டிவி பாடம் நடத்தும். பிள்ளை எந்த இடத்தில் சிக்கி நிற்கிறான் என்று அதற்கு எப்படித் தெரியும்? அதனால் அக்கா போனோடு வீடு திரும்பியதும் சாயங்காலம் வீடியோ காலில் உட்கார ஆரம்பித்தோம்.

வீடியோ கால் என்றால் எல்லாப் பிள்ளைகளும் முகத்தைத்தான் காட்டுவார்கள். கணக்குக்கு அது உதவாது. அவன் கையும் நோட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டும். உயரமான அரிசி டப்பா ஒன்றின் மேல் போனைப் படுக்க வைத்தோம். கேமரா இருக்கும் முனை மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மறுமுனையில் பாரத்துக்கு அம்மாவின் உழக்கு. பின்பக்கக் கேமராவுக்கு நேர் கீழே நோட்டு. இதற்கென்று ஸ்டாண்டு வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

அப்படி வைத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னேன். 35 என்று எழுதினான். தப்பு என்று சொல்லாமல், எப்படி வந்தது என்று மட்டும் கேட்டேன். "ஏழுல ரெண்டு போனா அஞ்சு. அஞ்சுல ரெண்டு போனா மூணு." கவனக்குறைவு என்று இதைச் சொல்லவே முடியாது. எந்த வரிசையானாலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழிப்பது என்று அவனாகவே ஒரு விதி வைத்திருந்தான். 58-லிருந்து 23-ஐக் கழிக்கும்போது அந்த விதி சரியாகவே வேலை செய்யும், டிக்கும் விழும். விடையை மட்டும் போட்டோவில் பார்த்துவிட்டு, "இதே மாதிரி இன்னும் பத்து போடு" என்று சொல்லியிருந்தால் அந்தத் தப்பு விதிதான் இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கும்.

சாத்தூர் தீப்பெட்டித் தொழில் நடக்கும் ஊர். மருந்து முக்காத குச்சி கேட்டால் அக்கம்பக்கத்திலேயே கிடைக்கும். அம்மா ஒரு பை வாங்கி வந்தார். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார்கள். 52 என்றால் ஐந்து கட்டு, இரண்டு உதிரி. "இதுல இருபத்தேழை அம்மாச்சிகிட்ட எண்ணிக் குடு" என்றேன். இரண்டு கட்டைக் கொடுத்தான். உதிரி இரண்டையும் கொடுத்தான். அம்மா நீட்டிய கையை மடக்காமல், "இன்னும் அஞ்சு தரணும்ல ஐயா?" என்றார்.

அவன் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. போனில் இது ரொம்பக் கஷ்டம். அந்தப் பக்கம் சத்தமே இல்லை என்றால் நெட்வொர்க் போய்விட்டதோ, பிள்ளைக்குத் தெரியவில்லையோ என்று நம் வாய் தானாகத் திறந்துவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள், பிள்ளை யோசிக்கிற நேரம் அதுதான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினான். ஐந்து குச்சியைக் கொடுத்தான். தரையில் மிச்சம் இரண்டு கட்டு, ஐந்து உதிரி. "இருபத்தஞ்சு!" என்று அவன் கத்தியது அக்காவுக்கு அடுப்படி வரை கேட்டதாம். புத்தகத்தில் 'இனமாற்றிக் கழித்தல்' என்று போட்டிருப்பது இந்தக் கட்டு பிரிப்பதைத்தான் என்று அப்புறம் காட்டினேன். குச்சி இல்லாமல் நோட்டில் போட வந்தது அதற்கும் பல நாள் கழித்துத்தான். அவசரப்படுத்தவில்லை.

இதில் அம்மாவுடைய பங்குதான் பெரியது. "எனக்குக் கணக்கெல்லாம் வராது" என்பார். ஆனால் பல்லாங்குழியில் உட்கார்ந்தால் 14 குழிக்கும் ஐந்தைந்து முத்து என்று 70 முத்தையும் பார்வையாலேயே பிரித்துவிடுவார். எங்கே எடுத்தால் எங்கே முடியும் என்று மனசுக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கிற ஆள். அவரிடம் ஒரே ஒரு வேலையைத்தான் கேட்டுக்கொண்டேன்: விடை சரியாக இருந்தாலும் "எப்படி வந்துச்சு?" என்று கேளுங்கள். போனில் நான் இல்லாத நேரத்தில் அந்தக் கேள்விதான் அவனுக்குப் பாடம் நடத்தியது.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

*

மறுமொழி: இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர், கள்ளக்குறிச்சி மாவட்டம்

அருமையாகச் சொன்னீங்க அக்கா. 2021 அக்டோபரில் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. சாயங்காலம் 5 மணியிலிருந்து 7 மணி வரை தெருப் பிள்ளைகளைச் சேர்த்து வகுப்பு எடுப்போம். மழை நாட்களில் பிள்ளைகள் வந்து சேர முடியாது. அப்போது பெற்றோர் போனுக்குக் கணக்கு அனுப்புவேன். நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். அழகான கையெழுத்து, எல்லாமே சரி. பார்த்தால் அது அந்தப் பிள்ளையின் அக்கா எழுத்து!

அதிலிருந்து போட்டோ வேண்டாம், வாய்ஸ் மெசேஜ் அனுப்பு என்று சொல்லிவிட்டேன். கணக்கை எப்படிப் போட்டாய் என்று பேசி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். நாலாவது படிக்கிற ஒரு பெண் 99-ஐயும் 36-ஐயும் கூட்டியதைச் சொன்னாள்: "முப்பத்தாறுல ஒண்ண எடுத்து தொண்ணூத்தொம்போதுக்குக் குடுத்துட்டா அது நூறு. மிச்சம் முப்பத்தஞ்சு. நூத்தி முப்பத்தஞ்சு." இதை நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை. ஒன்றுக்குக் கீழ் ஒன்று எழுதி, மேலே 1 போட்டுக் கூட்டுகிற போட்டோவாக வந்திருந்தால் அவளுக்குள் இவ்வளவு இருப்பது எனக்குத் தெரிந்தே இருக்காது. மறுநாள் வகுப்பில் அவளையே எல்லோருக்கும் சொல்லிக் காட்டச் சொன்னேன்.

வாய்ப்பாடு பற்றியும் ஒரு வார்த்தை. மனப்பாடம் கூடாது என்று இப்போது நிறையப் பேர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வாய்ப்பாடு வேண்டும். ஆனால் ஆறொன்பது எவ்வளவு என்றால் ஓரொன்பதிலிருந்து ஒப்பிக்கத் தொடங்குகிற பிள்ளைக்கு, ஆறு பத்து அறுபது, அதில் ஒரு ஆறு குறைத்தால் 54 என்கிற வழியையும் காட்ட வேண்டும்.

*

மறுமொழி: ஷார்ஜாவிலிருந்து ஒரு அப்பா

என் மகள் எட்டாம் வகுப்பு, ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். இங்கே வாட்ஸப்பில் பேச முடியாது, வேறு ஆப் வழியாகத்தான். நமக்கும் ஊருக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். நான் ரூமுக்கு வரும்போது அவளுக்குத் தூக்கம் சொக்கும். அதனால் காலையில் நான் வண்டி ஏறுவதற்கு முன்னால் ஒரே ஒரு கணக்கு, அவ்வளவுதான்.

நான் கொடுப்பதெல்லாம் வீட்டுக் கணக்கு. விகிதமும் சதவீதமும் அவளுக்கு வேப்பங்காயாகக் கசந்தன. பணம் அனுப்புகிற அன்று ரேட்டைச் சொல்வேன். இத்தனை திர்ஹாம் அனுப்புகிறேன், கட்டணம் இவ்வளவு போகும், அம்மா கைக்கு எத்தனை ரூபாய் வரும், பார்த்துச் சொல்லும்மா என்பேன். பேங்கில் வந்த தொகையோடு அவளே ஒத்துப் பார்ப்பாள். ஒருநாள், "ஏம்பா ரேட்டு தினமும் மாறுது?" என்றாள். ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று நிலையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள், ரூபாய்க்கு அப்படிக் கட்டு இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ டாலர் ரேட்டு தெரிஞ்சா போதும், திர்ஹாம் ரேட்டை நானே வகுத்துக் கண்டுபிடிச்சிருவேன்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது நான் அனுப்புவதற்கு முன்னாலேயே அவள் கணக்கு வந்துவிடுகிறது.

எனக்கு ஒரு சந்தேகம். அல்ஜீப்ராவில் x வந்தாலே பயப்படுகிறாள். யாருக்காவது வழி தெரியுமா?

*

சாத்தூர்ப் பையனின் சித்தி மறுபடியும்:

அண்ணா, x என்று ஆரம்பிக்காமல் அவளுக்குத் தெரிந்த ரேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். "நான் எத்தனை திர்ஹாம் அனுப்பினேன்னு சொல்ல மாட்டேன். 15 திர்ஹாம் கட்டணம். ரேட் 20 ரூபாய். அம்மாவுக்கு வந்தது 10,000 ரூபாய், அந்தக் கட்டணமும் சேர்த்து என் கையிலிருந்து போனது எவ்வளவு?" என்று கேளுங்கள். பின்னாலிருந்து வந்து 515 என்று அவளே சொல்வாள். அப்புறம் அந்தத் தெரியாத தொகைக்கு அவளையே ஒரு எழுத்து வைக்கச் சொல்லுங்கள். x-ஆகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை, அவள் பெயரின் முதல் எழுத்தாகக்கூட இருக்கட்டும்.