குறியாக்க டிரைவரில் யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ (விடுவித்த நினைவகத்தைத் திரும்பத் தொடும் பிழை), யாராவது பார்த்ததுண்டா?

4 நாளாக இதிலேயே கிடக்கிறேன். லினக்ஸ் 6.6, 64 பிட் ஆர்ம் போர்டு, ஏஇஎஸ்-சிபிசி குறியாக்க வேலையைச் சிப்பிடம் தள்ளும் டிரைவர் நாங்களே எழுதியது. டிஎம்-கிரிப்ட் (லினக்ஸின் டிஸ்க் குறியாக்கம்) டிஸ்க்கில் 20 நிமிடம் விடாமல் எழுதினால் கேசான் (கெர்னலின் நினைவகப் பிழை கண்டுபிடிப்பான்) கத்துகிறது: டாஸ்க்லெட்டில் (இன்டரப்டுக்குப் பின் ஓடும் கெர்னல் வேலை), விடுவித்த நினைவகத்திலிருந்து 16 பைட் ரீட். 16 என்றதும் ஐவிதான் (குறியாக்கத்தின் தொடக்க மதிப்பு) என்று புரிந்தது, அதை நகலெடுப்பதை கம்ப்ளீஷன் கால்பேக்குக்கு (வேலை முடிந்ததைச் சொல்லும் அழைப்பு) முன்னால் நகர்த்தினேன், குறைந்தது, நிற்கவில்லை. மென்பொருள் ஏஇஎஸ்ஸில் இரவு முழுக்க ஓடியது, ஒன்றும் இல்லை. டைம்அவுட் டைமரை எடுத்துவிட்டாலும் வருவதில்லை, ஆனால் அப்புறம் சிப் தொங்கினால் டிஸ்க்கும் சேர்ந்து தொங்கும். டைமர் முடித்துவிட்ட ரிக்வெஸ்ட்டைத் தாமதமாக வரும் இன்டரப்ட் திரும்பத் தொடுகிறது என்பது என் சந்தேகம் (டிஎம்ஏ வழியாக, அதாவது சிபியுவைத் தாண்டி நேராக நினைவகத்தில், சிப் எழுதுவது கேசான் கண்ணில் படாது, அந்தப் பயம் வேறு).

டைம்அவுட் ஆனதும் சிப் ரீசெட், டிஎம்ஏ அன்மேப் (சிப்புக்குக் கொடுத்த நினைவகத்தைத் திரும்பப் பெறுவது), கம்ப்ளீஷன் மூன்றையும் எந்த வரிசையில் செய்கிறீர்கள்?