கற்பனைக் குறும்படத்தில் தன்பாலீர்ப்பு உருவகம்: எங்கே கோட்டை விட்டேன்?

திண்ணைக்கதை:
20 நிமிடக் குறும்படத்துக்கான திரைக்கதை இது. மலையடிவார ஊரில் சிலருக்கு மட்டும் பதின்வயதில் உள்ளங்கையில் தீ பிறக்கும். ஊர் அவர்களை ஒதுக்குகிறது. அதை நிறுத்த வைத்தியர் ஒருவர் கஷாயம் காய்ச்சுகிறார். நாயகன் குடிக்க மறுக்கிறான். கடைசியில் ஊருக்குள் புகுந்த யானைக் கூட்டத்தை அந்தத் தீயே விரட்ட, ஊர் மன்னிப்புக் கேட்கிறது. 'கே' (gay) என்ற சொல் எங்கும் வராது, ஆனாலும் பார்ப்பவருக்குப் புரிய வேண்டும். படித்த இருவருமே இதைச் சாதிக் கதை என்று எடுத்துக்கொண்டார்கள். ஏன்?

நடுவரிசை:
அவர்கள் மேல் தப்பில்லை. ஊர், ஒதுக்குதல், மன்னிப்பு மூன்றையும் வைத்தால் நம் ஆளுக்குச் சாதிதான் ஞாபகம் வரும். சாதியில் அடிபடுகிறவனுக்கு வீட்டுக்குள் அம்மா அப்பா எல்லாரும் அதே பக்கம். தன்பாலீர்ப்புள்ள பிள்ளைக்கு முதல் பயமே வீடுதான். பெற்றவர்களுக்கு இல்லாத ஒன்று அவனிடம் இருக்கிறது. உங்கள் சுருக்கத்தில் அம்மா என்ற பாத்திரமே காணோம்.

எக்ஸ்-மென் படங்கள் 'மியூட்டன்ட்டுகள்', அதாவது பிறவியிலேயே விசித்திர சக்தி உள்ளவர்கள் பற்றியவை. 2003-ல் வந்த இரண்டாவது எக்ஸ்-மென் படத்தில், தொட்டதை உறைய வைக்கும் பாபி என்ற பையன் தன் வீட்டு வரவேற்பறையில் உண்மையைச் சொல்லும் காட்சியை நாலைந்து முறை பாருங்கள். பெற்றோர் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். 'இது உனக்கு எப்போது தெரிந்தது' என்று அம்மா ஆரம்பிக்கிறாள், 'மியூட்டன்ட்' என்ற சொல் வாயில் வரவில்லை. பக்கத்தில் நிற்கும் நண்பன் ஜான், அவனும் மியூட்டன்ட்தான், எடுத்துக் கொடுக்கிறான். இன்னமும் உன் மேல் பாசம்தான் என்கிறாள், கூடவே ஒரு 'ஆனால்'. பாபி அவள் தேநீர்க் கோப்பையைத் தொடுகிறான், தேநீர் உறைகிறது. பனிக்கட்டியைச் சாஸரில் கவிழ்க்கிறான், பூனை வந்து நக்குகிறது. எல்லாம் என்னால்தான் என்று அம்மா புலம்புகிறாள். மியூட்டன்ட்டாக இல்லாமல் இருக்க முயற்சி செய்து பார்த்தாயா என்றும் கேட்கிறாள். மாடிக்குப் போன தம்பி போலீசுக்குப் போன் போடுகிறான்.

இதில் ஒரு வரி கூட மியூட்டன்ட்டுக்காகப் புதிதாகச் செய்தது இல்லை, வீடுகளில் பேசும் பேச்சு அப்படியே. உங்கள் படத்துக்கும் அதுதான் வேண்டும். 'ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்' என்று பெரியம்மா ஒரு வரி சொல்லட்டும். கையில் தீ வருகிறவனுக்குக் கல்யாணம் எப்படி மருந்தாகும் என்று ஒரு நொடி குழம்பும் பார்வையாளருக்கு அங்கேயே பொறி தட்டிவிடும். 20 நிமிடத்தில் 7-8 நிமிடமாவது வீட்டுக்குள் இருங்கள்.

அடுத்த ஓட்டை அந்தத் தீ. தீ சுடும், ஊர் பயப்படுவது நியாயம். நியாயமான பயத்தை வெறுப்பு என்று காட்ட முடியாது. எக்ஸ்-மென்னும் இதே குழியில் விழுகிறது. அந்த வரவேற்பறைக் காட்சி முடிந்து வாசலுக்கு வந்ததும் ஜான் போலீஸ் கார்களைத் தீயால் தாக்குகிறான். அதுவரை அம்மா மேல் கோபமாக இருந்த பார்வையாளர், 'அவ பயந்ததுல தப்பில்லையே' என்று திரும்பிவிடுகிறார். நிஜத்தில் தன்பாலீர்ப்பாளரால் யாருக்கும் ஆபத்தில்லை. சக்தியை ஆபத்தில்லாததாக மாற்றுங்கள்.

மூன்றாம்பிறை_78:
நடுவரிசை சொன்னதில் தீ விஷயம் சரி. கஷாயத்தை விட்டுவிட்டாரே! அது வேலை செய்கிறதா இல்லையா?

2006-ல் வந்த மூன்றாவது எக்ஸ்-மென் படத்தில் மியூட்டன்ட்டுகளுக்கான 'மருந்து' உண்மையிலேயே வேலை செய்கிறது. தொட்டாலே அடுத்தவரின் உயிர்ச்சக்தியை உறிஞ்சிவிடும் ரோக் என்ற பெண் அதைப் போட்டுக்கொள்கிறாள். காதலன் கையைப் பிடிக்க வேண்டும் என்ற அவள் ஆசையை யார் குறை சொல்வது? உருவகம் உடைகிற இடம் அது. ஒரு பெண் தொட்டால் அடுத்தவர் உயிருக்கே ஆபத்து என்பதற்கும், ஒரு பையனுக்கு இன்னொரு பையனைப் பிடித்திருக்கிறது என்பதற்கும் என்ன சம்பந்தம்?

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1973-ல். இங்கே, தன்பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் 'மாற்றும் சிகிச்சை'க்குத் தடை வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் சொன்னது. இல்லாத நோய்க்கு மருந்து வேலை செய்கிறது என்று காட்டினால் நீங்கள் வைத்தியர் கட்சி ஆகிவிடுவீர்கள். கஷாயம் பலிக்கக் கூடாது. குடித்தால் வாந்தியும் கை நடுக்கமும் மட்டும் வரட்டும். பலித்துவிட்டது என்று பையன் நடிக்கட்டும். வீடே சந்தோஷப்படும்போது அவன் மட்டும் கையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் காட்டினால் போதும், வசனம் வேண்டாம்.

அந்த மூன்றாவது படத்தில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. சின்னப் பையன் குளியலறைக்குள் பூட்டிக்கொண்டு முதுகில் முளைக்கும் சிறகை அறுக்கிறான், அப்பா கதவைத் தட்டுகிறார். ஊரும் கூட்டமும் இல்லாமலே முழு வலியும் வந்துவிடுகிறது.

ஈரமணல்:
'லூகா' (2021) அனிமேஷன் படம் பாருங்கள். லூகா, ஆல்பர்ட்டோ என்ற இரண்டு கடல்வாழ் சிறுவர்கள் மனித உருவில் ஊருக்குள் வருகிறார்கள். தண்ணீர் பட்டால் கடல் உயிரியின் உருவம் வெளியே தெரிந்துவிடும், அவ்வளவுதான், யாருக்கும் கெடுதல் இல்லை. இயக்குநர் அதைக் காதல் கதையாக எடுக்கவில்லை, சிறுவர் நட்பு என்றுதான் சொன்னார். ஆனாலும் நிறையப் பேர் அதில் தங்களைப் பார்த்தார்கள். காரணம் ஒரே காட்சி. ஆல்பர்ட்டோ தோழியின் முன்னால் வேண்டுமென்றே உருவத்தைக் காட்டுகிறான். தானும் அதுவேதான் என்ற லூகா, மாட்டிக்கொள்ளாமல் இருக்க, அவனைக் கைநீட்டிக் கடல் பூதம் என்று கத்துகிறான். ஒளிந்திருப்பவன் வெளியே வந்தவனைக் காட்டிக்கொடுப்பது! உங்கள் கதையில் இரண்டாவது பையன் இல்லாதது பெரிய குறை.

முடிவும் தப்பு. யானையை விரட்டினால்தான் ஊர் ஏற்கும் என்றால், விரட்டாதவன் கதி? லூகாவில் படம் முழுக்க ஊரில் நடமாடும் இரண்டு பாட்டிகள் கடைசியில் மழையில் குடையைத் தாழ்த்துகிறார்கள், அவர்களும் கடல் உயிரிகள். அந்த மாதிரி ஒரு பெரியவரை 3-வது நிமிடத்திலேயே ஓரமாக நடமாட விடுங்கள்.

திண்ணைக்கதை:
யானையை எடுத்தாயிற்று. தீக்குப் பதில், இருட்டில் உள்ளங்கை மின்மினி மாதிரி மினுக்கும். எப்போதும் கையை மூடியே வைத்திருக்கிறான். கஷாயம் பலிக்காது. கிராபிக்ஸுக்குக் காசில்லை, மினுக்கலை எப்படிக் காட்டுவது?

நடுவரிசை:
கிராபிக்ஸ் வேண்டாம். 5 மி.மீ. வார்ம் ஒயிட் எல்.இ.டி., ஒரு சி.ஆர்.2032 பட்டன் செல். எல்.இ.டி.யின் நீளக் கால் செல்லின் பிளஸ் பக்கம் படும்படி கவ்வவிட்டு, தோல் நிற டேப்பால் உள்ளங்கையில் ஒட்டுங்கள். கையை மூடினால் விரல் இடுக்கில் சிவப்பாகக் கசியும், அதுதான் அழகு. திறந்த கையைக் காட்டாதீர்கள், பல்பு தெரிந்துவிடும். அறை விளக்கை நன்றாகக் குறைக்காவிட்டால் ஒன்றுமே பதிவாகாது. கேமராவில் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஷாட்டுக்கு ஷாட் நிறம் மாறும். செல்லைக் கணக்காக வாங்காமல் கூடுதலாகவே வாங்கிவையுங்கள். எல்.இ.டி. மங்க ஆரம்பித்ததும் மாற்றிவிட வேண்டும்.