வலசைப் பறவையின் இரத்த ஒட்டுண்ணி: தொற்று எந்தத் தலத்தில் பிடித்தது என்று கண்டறிவது எப்படி?

கேள்வி

குளிர்காலத் தலத்தில் பிடிக்கப்படும் வலசைச் சிறுபறவைகளில் பறவை மலேரியாவையும் அதன் உறவு ஒட்டுண்ணிகளையும் தேடுகிறோம். முதிர்ந்த பறவைகள் பலவற்றில் பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) தொற்றைக் காட்டுகிறது. இது இங்கே பூச்சி கடித்து வந்ததா, இனப்பெருக்கத் தலத்திலிருந்தே சுமந்து வந்ததா? வலசை ஒட்டுண்ணிகளிடமிருந்து தப்பிக்க உதவுகிறது என்ற கருதுகோளைச் சோதிக்க இது முதலில் தெளிவாக வேண்டும். எந்த வயதுப் பறவை, எவ்வளவு இரத்தம், எங்கே தவறு நேரும்?

மறுமொழி 1

முதிர்ந்த பறவைகளை வைத்து இதற்கு விடை கிடைக்காது. கடும் கட்டம் தாண்டியதும் ஒட்டுண்ணி இரத்தத்திலோ உள்ளுறுப்புகளிலோ மிகக் குறைந்த அளவில் பல ஆண்டுகள் தங்கிவிடும். நீங்கள் பார்க்கும் தொற்று மூன்று வலசைக்கு முந்தையதாகக்கூட இருக்கலாம்.

அந்த ஆண்டில் பொரித்த இளம்பறவைகள்தாம் சாட்சி. முதல் வலசைக்கு முன்பே ஒரு மரபுக்கிளை (டி.என்.ஏ. வரிசையால் பிரித்தறியப்படும் ஒட்டுண்ணி வகை) அவற்றின் இரத்தத்தில் இருந்தால், அது இனப்பெருக்கத் தலத்தில்தான் பரவியது. வந்திறங்கியவுடன் எடுத்த மாதிரிகளில் இல்லாமல், கிளம்பும் முன் எடுத்தவற்றில் தோன்றினால் குளிர்காலத் தலத்தைச் சந்தேகிக்கலாம். இரு தலங்களிலும் இடம்பெயராத உள்ளூர்ப் பறவைகளையும் கட்டாயம் சோதியுங்கள். எங்கும் போகாத பறவையில் ஒரு மரபுக்கிளை இருந்தால் அது அங்கேயே பரவுகிறது என்பதில் ஐயமில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். கூட்டுக் குஞ்சில் 'இல்லை' என்று வந்தால் நம்பாதீர்கள். மலேரியா ஒட்டுண்ணியின் உறவான ஹீமோபுரோட்டியஸ் கடிபட்ட பிறகு இரத்தத்தில் தெரிய சுமார் 11 நாள் முதல் 3 வாரம் வரை ஆகும். குஞ்சு அதற்குள் கூட்டைவிட்டுப் போய்விடும். அடுத்தது வயது. முதலாண்டுப் பறவையை இறக்கையின் பழைய, புதிய மூடிறகுகளுக்கு இடையிலான எல்லையை வைத்து அடையாளம் காண்கிறோம். ஆனால் பெரிய நாணல் கதிர்க்குருவி போன்றவை குளிர்காலத் தலத்திலேயே எல்லா இறகுகளையும் மாற்றிக்கொள்ளும். அதன்பின் வயது சொல்ல முடியாது. இத்தகைய இனத்தில் 'கிளம்பும் முன்' மாதிரி பயன்படாது, இனத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பாருங்கள்.

மறுமொழி 2

ஆய்வகப் பக்கம் சொல்கிறேன். உடல் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் இரத்தம் எடுக்கக் கூடாது. 10 கிராம் பறவைக்கு உச்சவரம்பு 100 மைக்ரோலிட்டர். 20 முதல் 30 போதும். பறவைச் சிவப்பணுவில் உட்கரு இருப்பதால் டி.என்.ஏ.வுக்குப் பஞ்சமில்லை. சிக்கலும் அதுதான்: பறவையின் டி.என்.ஏ. வெள்ளத்தில் ஒட்டுண்ணியுடையது மூழ்கிவிடுகிறது. அதனால்தான் இரண்டு சுற்று பி.சி.ஆர். செய்கிறோம். முதல் சுற்று 20 சுழற்சி, அதன் விளைபொருளில் 1 மைக்ரோலிட்டர் எடுத்து இரண்டாம் சுற்று 35 சுழற்சி. சைட்டோகுரோம் பி மரபணுவில் கிடைக்கும் சுமார் 480 கார இணை நீளத் துண்டின் வரிசையை மாலாவி (MalAvi) என்ற பறவை மலேரியா மரபுக்கிளைத் தரவுத்தளத்தில் ஒப்பிடுங்கள். முதல் சுற்றுக் குழாயைத் திறக்கும் இடத்தில்தான் கலப்படம் நேரும். எட்டு மாதிரிக்கு ஒரு வெற்று மாதிரி (டி.என்.ஏ. சேர்க்காதது) வையுங்கள். இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் வேண்டாம், அது பி.சி.ஆரைத் தடுக்கும்.

டி.என்.ஏ. வரிசை வரைபடத்தில் ஒரே இடத்தில் இரண்டு முகடுகள் தெரிந்தால் கலப்புத் தொற்று. அதைத் தூக்கி எறியாதீர்கள். இரு ஒட்டுண்ணிகளில் ஒன்றை மட்டும் பெருக்கிக் காட்டுவது இந்த முறையின் நிரந்தரக் குறை.

நுண்ணோக்கியில் பார்க்கக் கண்ணாடித் தகட்டில் இழுக்கும் இரத்தப் பூச்சை விட்டுவிடாதீர்கள். துளி எடுத்தவுடன் இழுத்து, சில நொடிகளில் உலர்த்த வேண்டும். காற்றுப் பட்ட சில நிமிடங்களிலேயே கேமிட்டோசைட்டுகள் (பூச்சிக்குப் பரவும் ஒட்டுண்ணியின் பாலின நிலை) உருண்டு சிவப்பணுவை விட்டு வெளியேறத் தொடங்கும். பிறகு இனம் காண்பது முடியாத காரியம். தூய மெத்தனாலில் 1 நிமிடம், 10 சதவீதக் கீம்சா சாயத்தில் 1 மணி நேரம், அமிலகார நிலை (pH) 7.0 முதல் 7.2.

கேட்டவர்

மிக்க நன்றி. பி.சி.ஆர். காட்டினாலே போதாதா? பூச்சுகளைப் பார்க்க நாள்கணக்கில் ஆகிறதே.

மறுமொழி 3

போதாது. தனக்குப் பொருந்தாத பறவையில் ஏறிய ஒட்டுண்ணி திசுக்களில் கொஞ்சம் வளர்ந்து நின்றுவிடும். பி.சி.ஆர். அதையும் தொற்று என்றே சொல்லும். பூச்சியை அடைய கேமிட்டோசைட் இரத்தத்தில் இருக்க வேண்டும். அதை நுண்ணோக்கிதான் காட்டும். ஆள் பற்றாக்குறை என்றால், பி.சி.ஆர். தொற்றுக் காட்டிய பறவைகளின் பூச்சை மட்டும் 1000 மடங்கில் 100 பார்வைப்புலமாவது பாருங்கள்.

கடத்தியையும் சேர்த்து யோசியுங்கள். மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியத்தைக் கொசு கடத்துகிறது, அதன் உறவான லியூகோசைட்டோசூனைக் கருப்பு ஈ. கருப்பு ஈயின் புழு ஓடும் நீரில்தான் வளரும். ஓடையே இல்லாத தலத்தில் பிடித்த பறவையில் லியூகோசைட்டோசூன் இருந்தால், வேறெங்கோ பிடித்தது என்பதற்கு அது வலுவான தடயம்.

கருதுகோள் பற்றியும் ஒரு வார்த்தை. திரும்பி வந்த பறவைகளில் தொற்று குறைவு என்றால் அது 'தப்பித்தல்' ஆகிவிடாது. நோயுற்றவை வழியிலேயே இறந்து வடிகட்டப்பட்டிருக்கலாம், பயணத்துக்கு இடையே குணமாகியிருக்கலாம். மூன்றும் ஒரே எண்ணைத் தரும். பறவை பிடிக்கக் கட்டும் மென்வலையில் சுறுசுறுப்பான பறவைதான் விழும், கடும் கட்டத்தில் ஒடுங்கிக் கிடப்பது விழாது என்பதால் எண் மேலும் சாயும். பிரித்தறிய வளையமிட்ட அதே பறவையை இலையுதிர்காலத்திலும் வசந்தத்திலும் மறுபடி பிடித்துச் சோதிக்க வேண்டும். மறுபிடிப்பு குறைவாகத்தான் கிடைக்கும். ஆகவே பல இனங்களில் பரப்பாமல், ஆண்டுதோறும் அதே இடத்துக்குத் திரும்பும் ஒரே இனத்தில் முயற்சியைக் குவியுங்கள்.